அவசரக் கருத்தடை மாத்திரை: தள்ளிப்போடும், கலைக்காது

இரவு பதினொன்றரைக்கு ஒரு தோழியிடமிருந்து செய்தி. “ஆணுறை கிழிஞ்சிடுச்சு. அந்த மாத்திரையைப் போட்டா கலைஞ்சிடும்ல?”

கேள்வியின் கடைசிச் சொல்லில்தான் சிக்கல். கலைவதற்கு அந்த இரவில் அவள் உடம்பில் எதுவும் உருவாகியிருக்கவில்லை. ஆனாலும் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் இந்த மாத்திரையைப் பற்றிப் பேசும் பெரும்பாலானோர் வாயில் “கலைக்கிற மாத்திரை” என்றுதான் வருகிறது. இது வெறும் சொற்குற்றம் என்று விட்டுவிட முடியாது. கருக்கலைப்பு என்று நினைத்துப் பயந்து, போட வேண்டிய நேரத்தில் போடாமல் விடுகிறவர்கள் உண்டு. நாள் தள்ளிப்போன பிறகு வாங்கிப் போட்டுவிட்டு, கலைந்திருக்கும் என்று நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேரையும் ஏமாற்றுவது அந்த ஒரே சொல்தான்.

மாத்திரை உண்மையில் என்ன செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், ஏன் சீக்கிரம் போட வேண்டும், ஏன் சில சமயம் பலிக்காமல் போகிறது, போட்ட பிறகும் ஏன் கவனமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கும். அதனால் மாத்திரையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, கரு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

காத்திருப்பது விந்தணு

உடலுறவு நடந்த கணமே கரு உண்டாகிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உடம்பில் அப்படி நடப்பதில்லை.

ஒரு ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரே ஒரு ரயில். பயணிகள் பல நாள் முன்கூட்டியே வந்து நடைமேடையில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் யாரும் ஐந்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். ரயிலோ வந்தால் ஒரு நாள்கூட நிற்காது.

பயணிகள் விந்தணுக்கள். ரயில், பெண்ணின் கருமுட்டை. நடைமேடை, கருப்பையும் அதன் இருபுறமும் இருக்கிற கருக்குழாய்களும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டை, சினைப்பையிலிருந்து வெளியே வந்தபின் 12 முதல் 24 மணி நேரம்தான் இருக்கும். ஆக ஒரு மாதச் சுழற்சியில் கரு உண்டாக வாய்ப்புள்ள நாட்கள் மொத்தம் ஆறு: முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாளும், வெளிவரும் அந்த நாளும்.

சுருங்கச் சொன்னால், பெரும்பாலும் முட்டைக்காக விந்தணுதான் காத்திருக்கிறது. உறவுக்கும் கருத்தரிப்புக்கும் நடுவே சில மணி நேரமோ சில நாளோ இடைவெளி இருக்கலாம். அவசரக் கருத்தடை என்ற ஒன்று சாத்தியமாவதே இந்த இடைவெளியால்தான்.

ரயிலைக் கிளப்புகிற விசில்

முட்டை தானாகக் கிளம்புவதில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்று பெயர். முட்டை முதிர்ந்ததும் இந்தச் சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனைத் திடீரென்று பெருமளவில் இரத்தத்தில் கொட்டுகிறது. ஹார்மோன் என்றால் உடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு இரத்தம் வழியாக அனுப்புகிற இரசாயனச் செய்தி. இந்தத் திடீர் எழுச்சியை எல்.ஹெச். அலை என்று சொல்லலாம். அலை எழத் தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வருகிறது.

இந்த அலைதான் நம் ரயிலுக்கு விசில். இனி வருகிற எல்லாவற்றுக்கும் விசிலுக்கு முன்னா, பின்னா என்பதுதான் கேள்வி.

கடையில் பரவலாகக் கிடைப்பது: லெவோநார்ஜெஸ்ட்ரல்

அவசரக் கருத்தடை மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது லெவோநார்ஜெஸ்ட்ரல். பெட்டியைப் பிரித்தால் நடுவில் ஒரே ஒரு சின்ன மாத்திரை, 1.5 மில்லிகிராம். சில இடங்களில் 0.75 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டாக வரும். முன்பெல்லாம் அவற்றை 12 மணி நேர இடைவெளியில் போடச் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே வேளையில் போட்டாலும் பலன் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு காட்டிய பிறகு ஒரே வேளை என்பதே வழக்கமாகிவிட்டது. இரண்டாவதைப் போட மறந்துபோகிற தொல்லையும் ஒழிந்தது.

பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கிற புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் செயற்கை வடிவம் இது. தினமும் போடுகிற கருத்தடை மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து குறைந்த அளவில் இருக்கிறது. மொத்தமாக ஒரே வேளையில் போகும்போது பிட்யூட்டரியின் எல்.ஹெச். அலையை எழவிடாமல் தடுக்கிறது, அல்லது தள்ளிப்போடுகிறது. விசில் கேட்காது, ரயில் கிளம்பாது. அதற்குள் நடைமேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மடிந்துபோவார்கள்.

விசில் ஏற்கெனவே ஊதப்பட்டிருந்தால் இந்த மாத்திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முட்டை வெளியே வந்துவிட்டிருந்தால் சுத்தமாக முடியாது. கருவுற்ற முட்டை கருப்பையில் ஒட்டுவதை இது தடுக்கிறதா என்று ரொம்ப நாள் விவாதம் இருந்தது. அமெரிக்காவில் விற்கப்படும் பெட்டியில்கூட அப்படித் தடுக்கலாம் என்ற வரி இருந்தது. ஆதாரங்களைப் பரிசீலித்து 2022 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வரியை நீக்கியது.

ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவர் தெரியாமல் போட்டுவிட்டால் கரு கலையாது. குழந்தைக்குக் கேடு வந்ததாகவும் ஆதாரம் இல்லை. கருக்கலைப்புக்குக் கொடுக்கப்படுவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு மருந்துகள். அவை வேறு வேலைக்கானவை, மருத்துவர் வழிகாட்டுதலோடு போட வேண்டியவை. கடையில் “மாத்திரை வேணும்” என்று பொதுவாகக் கேட்டு, கொடுத்ததைப் படித்துப் பார்க்காமல் விழுங்குவது ஆபத்து. பெட்டியில் இருக்கிற மருந்தின் பெயரைப் பாருங்கள்.

ஒரே மாத்திரை, மூன்று பெண்கள்

28 நாள் சுழற்சி உள்ள மூன்று பெண்களை எடுத்துக்கொள்வோம். மாதவிலக்கு தொடங்கிய நாள் முதல் நாள். மூவருக்கும் 14ஆம் நாள் முட்டை வெளிவரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவருக்கு 10ஆம் நாள் பாதுகாப்பற்ற உறவு. மறுநாள் காலையே மாத்திரை. விசிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முட்டை தள்ளிப்போகிறது, விந்தணுக்கள் அழிகின்றன. இந்த மாத்திரை பிரமாதமாக வேலை செய்கிற இடம் இதுதான்.

இரண்டாமவருக்கும் அதே 10ஆம் நாள்தான். ஆனால் கடையில் கேட்கக் கூச்சப்பட்டு, நாளைக்கு, நாளைக்கு என்று 13ஆம் நாள் போடுகிறார். 72 மணி நேரத்துக்குள் போட்டுவிட்டோம் என்ற நிம்மதி அவருக்கு. விசில் 12ஆம் நாள் இரவே ஊதியாயிற்று. இவருக்கு மாத்திரை உதவாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாமவருக்கு 20ஆம் நாள். முட்டை வந்து, அழிந்தும் போய்விட்டது. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் கரு உண்டாகப்போவதில்லை. மாத்திரை பலித்தது என்று அவர் தோழிகளிடம் சொல்வார்.

நிஜத்தில் எந்தப் பெண்ணுக்கும் அந்த மாதம் விசில் எப்போது ஊதும் என்று தெரியாது. செல்போன் செயலி சொல்லும் தேதி, போன மாதங்களின் சராசரிதான். சுழற்சி சீராக இருப்பவர்களுக்கும் சில மாதம் முன்னே பின்னே ஆகும். அதனால்தான் எந்த நாளில் நடந்திருந்தாலும் முடிந்தவரை சீக்கிரம் போடச் சொல்கிறார்கள். பெட்டியில் 72 மணி நேரம் என்று போட்டிருப்பதால் அதுவரை ஆற அமரப் போடலாம் என்று அர்த்தமில்லை. ஐந்து நாள் வரை ஓரளவு பயன் இருக்கலாம் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் நாள் போகப்போக நம்பிக்கை குறையும். “மறுநாள் காலை மாத்திரை” என்ற பெயரும் ஒரு வகையில் தப்பு. அதே இரவில் கையில் இருந்தால் அதே இரவில் போடலாம்.

விசில் ஊதினாலும் நிறுத்தக்கூடியது: யூலிப்ரிஸ்டல்

இரண்டாவது மாத்திரை யூலிப்ரிஸ்டல் அசிடேட், 30 மில்லிகிராம். ஐரோப்பாவில் 2009இலும் அமெரிக்காவில் 2010இலும் அனுமதி பெற்றது. எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை.

இது புரோஜெஸ்டிரான் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து அதன் வேலையைத் தடுக்கிறது. எல்.ஹெச். அலை எழத் தொடங்கிய பிறகும், அது உச்சத்தைத் தொடுவதற்கு முன்பு வரை, முட்டையைப் பிடித்து வைக்கும். மேலே சொன்ன இரண்டாமவருக்கு உதவக்கூடிய மாத்திரை இது. ஐந்து நாள், அதாவது 120 மணி நேரம் வரை போடலாம். முட்டை வெளியேறிய பிறகு இதாலும் பயனில்லை.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. புரோஜெஸ்டிரானைத் தடுக்கிற மருந்து என்பதால், புரோஜெஸ்டிரான் வகை மருந்து உள்ள தினசரிக் கருத்தடை மாத்திரையும் இதுவும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். ஆகவே யூலிப்ரிஸ்டல் போட்டால் ஹார்மோன் கருத்தடையைத் தொடங்க ஐந்து நாள் பொறுக்க வேண்டும். தினசரி மாத்திரையை இடையில் மறந்துவிட்டு அதற்காக அவசர மாத்திரை தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் லெவோநார்ஜெஸ்ட்ரலே தோது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் லெவோநார்ஜெஸ்ட்ரல் போடலாம். யூலிப்ரிஸ்டல் என்றால் பால் கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

பலரும் மறந்துவிடுகிற காப்பர்-டி

அவசரம் என்றதும் எல்லோருக்கும் மாத்திரைதான் ஞாபகம் வருகிறது. அவசரக் கருத்தடைகளில் இருப்பதிலேயே பலமானது மாத்திரையே அல்ல. கருப்பைக்குள் பொருத்துகிற, தாமிரம் சுற்றிய சின்னக் கருவியான காப்பர்-டி. பாதுகாப்பற்ற உறவு நடந்த ஐந்து நாளுக்குள் பொருத்தினால் 99 சதவீதத்துக்கும் மேல் பலன் தரும். இந்த உபயோகம் 1970களிலிருந்தே மருத்துவ உலகுக்குத் தெரியும். தெருவுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ரயில், விசில் கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது. தாமிரம் விந்தணுக்களை முடக்குகிறது. நடைமேடையே பயணிகளுக்கு ஒத்துக்கொள்ளாத இடமாகிவிடுகிறது. முட்டை வெளிவந்திருந்தாலும் இது பலன் தருவதற்கு, கருப்பையின் உட்சுவர் மாறி, முட்டை ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் போவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒட்டுவதற்கு முன்பு நடக்கிற எதையும் மருத்துவம் கருக்கலைப்பு என்று சொல்வதில்லை. ஆனால் தனிப்பட்ட நம்பிக்கை சார்ந்து இது முக்கியம் என்று நினைப்பவர் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கலாம். அந்தத் தகவலை மறைப்பது சரியில்லை.

உடல் எடை இதைப் பாதிப்பதில்லை. வேறு மருந்துகளோடு மோதுவதில்லை. பொருத்திய பிறகு வகையைப் பொறுத்துப் பத்து ஆண்டுவரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சங்கடம் என்னவென்றால், ஐந்து நாளுக்குள் பொருத்திவிடப் பயிற்சி பெற்ற ஒருவர் கிடைக்க வேண்டும். பொருத்தும்போது வலி இருக்கும். பிறகு சில மாதம் மாதவிலக்கு அதிகமாகப் போகலாம்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்: லெவோநார்ஜெஸ்ட்ரல் விசிலுக்கு முன், யூலிப்ரிஸ்டல் விசில் ஊதத் தொடங்கிய பிறகும், காப்பர்-டி எந்த நேரத்திலும்.

“95 சதவீதம்” என்கிற கணக்கு

இந்த மாத்திரை 95 சதவீதம் பலன் தரும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். நூறு பேர் போட்டால் ஐந்து பேருக்குக் கரு நிற்கும் என்று அதைப் புரிந்துகொள்கிறார்கள். அப்படி அல்ல.

சுழற்சியின் நடு வாரங்களில் ஒரே ஒரு முறை பாதுகாப்பற்ற உறவு கொண்ட நூறு பெண்கள் எதுவுமே செய்யாவிட்டால், ஏறத்தாழ எட்டுப் பேருக்குக் கரு நிற்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி 92 பேருக்கு எப்படியும் நிற்காது. லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டால் அந்த எட்டு, ஒன்று அல்லது இரண்டாகக் குறையும். மருந்தின் பலனைச் சொல்லும் சதவீதம் அந்த எட்டுப் பேரில் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பதைக் குறிக்கிறது.

95 என்ற எண் 1998இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விலிருந்து வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரலை முதல் 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களில், எதிர்பார்க்கப்பட்ட கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டன. இரண்டாம் நாள் போட்டவர்களுக்கு 85, மூன்றாம் நாள் 58. முதல் எண் மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. பின்வந்த ஆய்வுகளில் இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே ஆய்வு, பழைய யூஸ்பே முறையோடு ஒப்பிட்டுத்தான் நடந்தது. 1970களில் கனடா நாட்டு மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே அறிமுகப்படுத்திய முறை அது: சாதாரணக் கருத்தடை மாத்திரைகளைக் கூடுதல் அளவில் இரண்டு வேளை போடுவது. அப்படிப் போட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்குக் கரு நின்றது, லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டவர்களில் 1.1 சதவீதம். குமட்டலும் வாந்தியும் பழைய முறையில் அதிகம். “தினசரி மாத்திரையையே நாலைந்து சேர்த்துப் போட்டுக்கோ” என்று யாராவது சொன்னால் அந்த யோசனையின் பூர்வீகம் இதுதான். வேறு எதுவும் கிடைக்காத நிலையில் மருத்துவர் அளவு சொன்னால் தவிர, அந்த வழியில் போக வேண்டாம்.

எடையும் பிற மருந்துகளும்

உடல் எடை கூடக்கூட லெவோநார்ஜெஸ்ட்ரலின் பலன் குறையலாம். 70 கிலோவுக்கு மேலிருந்தாலோ பி.எம்.ஐ. 26க்கு மேலிருந்தாலோ காப்பர்-டி அல்லது யூலிப்ரிஸ்டல் நல்லது, அவை இல்லாவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரலை இரட்டை அளவில் போடலாம் என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல். பி.எம்.ஐ. என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருகிற எண்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், எச்.ஐ.வி. மருந்துகளில் எஃபாவிரென்ஸ் போன்றவை கல்லீரலை முடுக்கிவிட்டு இந்த மாத்திரைகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் கடைக்காரரிடம் வெட்கப்படாமல் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களுக்கும் காப்பர்-டிதான் முதல் தேர்வு.

போட்ட பிறகு

வாந்தி வந்தால் மணியைப் பாருங்கள். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை வேண்டும். தலைவலி, சோர்வு, மார்பில் வலி, திட்டுத்திட்டாக இரத்தக்கசிவு எல்லாம் ஓரிரு நாளில் போய்விடும். அந்தக் கசிவை மாதவிலக்கு என்று நினைத்து நிம்மதி அடைய வேண்டாம். அது கணக்கில் சேராது.

இப்போது, யாருமே சொல்லாத விஷயம். மாத்திரை ரயிலை ரத்து செய்யவில்லை, தாமதப்படுத்தியிருக்கிறது. அந்த ரயில் அதே மாதத்தில் பிறகு வரும். மாத்திரை போட்டாயிற்றே என்று மூன்று நாள் கழித்து மறுபடி பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டால், புதிய பயணிகள் சரியாகத் தாமதமான ரயில் வரும் நேரத்துக்கு நடைமேடையில் இருப்பார்கள். மாத்திரையின் பாதுகாப்பு நடந்துமுடிந்த உறவுக்கு மட்டும்தான். அடுத்த மாதவிலக்கு வரும்வரை ஆணுறை கட்டாயம்.

அடிக்கடி போட்டால் மலடாகிவிடும் என்பது பொய். கருப்பை கெட்டுவிடும் என்பதும் பொய். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை தேவைப்பட்டால் போடலாம். ஆனால் வழக்கமான கருத்தடையாக இதையே நம்புவது புத்திசாலித்தனமில்லை: மாதவிலக்கு தாறுமாறாகும், தினசரி மாத்திரையோ காப்பர்-டியோ தருகிற பாதுகாப்பும் இதில் இல்லை. உறவுக்குப் பின் கழுவிவிடுவதும் எழுந்து குதிப்பதும் எந்த விதத்திலும் உதவாது. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாயைத் தாண்டிவிடும்.

பால்வினை நோய்களிடமிருந்து மாத்திரையோ காப்பர்-டியோ காப்பாற்றாது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற பயம் இருந்தால் அதற்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வன்முறையால் நடந்த உறவு என்றால் அவசரக் கருத்தடை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டையும் ஒரே மருத்துவமனையில் ஒரே நாளில் கேட்டுப் பெறுவது நல்லது.

அடுத்த மாதவிலக்கு ஒரு வாரம் முன்னே பின்னே வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ, வழக்கத்தைவிட மிகக் குறைவாகப் போனாலோ, கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். உறவு நடந்து மூன்று வாரம் ஆன பிறகு செய்கிற சிறுநீர்ப் பரிசோதனையை நம்பலாம். மாத்திரை போட்ட மறுநாளே செய்து பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அடிவயிற்றில் கடுமையான வலி, குறிப்பாக ஒரு பக்கமாக வந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, கரு கருக்குழாயிலேயே தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பரிசோதனை அட்டையோடு வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.